மாதம் 25,000 கேட்கிறார்கள்: அரிசிக் கடை விளம்பர வேலையை வெளியாளிடம் விடலாமா?

பூங்கார்_கடை (திருத்துறைப்பூண்டி)

எல்லாருக்கும் வணக்கம். பாரம்பரிய அரிசியும் அவலும் விக்கிறோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி இந்த நாலும்தான் முக்கியம். வீட்டாளுங்க மூணு பேர், கூலிக்கு ரெண்டு பேர். மாசம் சுமாரா 4 லட்சம் வியாபாரம். அதுல முக்கால்வாசி சென்னை, கோயம்புத்தூர் கடைகளுக்கு மொத்தமா போறது. மீதிதான் நேரா வாங்குறவங்க. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூலமா மாசம் 90 பார்சல் வரை போகுது.

திருச்சியில ஒரு விளம்பர நிறுவனம் பேசுறாங்க. மாசக் கட்டணம் 25,000. மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்துக்கு 15,000 தனி. ரெண்டுக்கும் மேல ஜிஎஸ்டி. மாசம் 12 போஸ்டர், 4 ரீல் போட்டுத் தருவாங்க. ஆறு மாச ஒப்பந்தம்.

எங்க கணக்கு: 5 கிலோ பார்சல், வரி நீங்கலா 550 ரூபாய். நெல்லு, அவிச்சது, அரவை, பை, அட்டைப்பெட்டி, கூலி எல்லாம் 380. கூரியர் வாங்குறவங்க பொறுப்பு. பணம் முன்கூட்டியே யூபிஐல வாங்கிடுறோம். ஜிஎஸ்டி பதிவு இருக்கு.

வெளியே விடுறது சரியா? விட்டா எதை விடுறது, எதை நாமளே வச்சிக்கிறது?

---

குடந்தை_கணக்கு

கணக்கை ஒளிக்காமல் போட்டிருக்கிறீர்கள், அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

ஒரு பார்சலில் 170 நிற்கிறது. பை கிழிவது, எடை குறைவுக்கு ஈடு, மறுபடி அனுப்புவது என்று 10 ரூபாய் கழியுங்கள். 160. கட்டணமும் விளம்பரமும் சேர்ந்து 40,000, ஜிஎஸ்டி 18% சேர்த்தால் 47,200. அந்த 7,200-ஐ நீங்கள் கட்ட வேண்டிய 5% வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே உண்மைச் செலவு 40,000. அதை 160-ஆல் வகுத்தால் 250. இப்போது போகும் 90 விளம்பரம் இல்லாமலே போகிறது. அதற்கு மேல் மாதம் 250 புதுப் பார்சல் போனால்தான் கைப்பணம் போகாமல் நிற்கும். லாபம் 251-ஆவது பார்சலில்தான் தொடங்கும்.

வரிக்கழிவில் ஒரு எச்சரிக்கை. அரிசிக்கு 5% வாங்கி சேவைக்கு 18% கட்டுகிறீர்கள். கழித்தது போக மீந்து நிற்கும் சேவை வரியைத் தலைகீழ் வரி விகிதம் என்று காட்டித் திரும்பப் பெற முடியாது. அந்த வழி கச்சாப் பொருளுக்குக் கட்டிய வரிக்கு மட்டும்தான், 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்னொன்று, விளம்பரக் காசு அவர்கள் கார்டில், அவர்கள் விளம்பரக் கணக்கில் போனால் மெட்டாவின் பில் அவர்கள் பெயரில்தான் வரும், அந்தப் பில்லை வைத்து நீங்கள் கழிக்க முடியாது. உங்கள் கணக்கின் பில்லிங் பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, உங்கள் கார்டில் கட்டுங்கள்.

இனி அரிசிக் கணக்கு. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 250 பார்சல் என்றால் மாதம் 1,250 கிலோ. 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோ அரிசி என்று வைத்தால் 2,080 கிலோ நெல், 60 கிலோ மூட்டையில் 35 மூட்டை. வருஷத்துக்கு 420. பாரம்பரிய ரகத்தில் ஏக்கருக்கு 18 மூட்டை என்று எடுத்தால் 23 ஏக்கர் நெல் கூடுதலாகக் கையில் வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 160 நாள், காட்டுயானம் போட்டால் 180 நாள். இரண்டும் சம்பா பட்டத்தில், அதாவது சம்பா சாகுபடிப் பருவத்தில், ஒரு தடவைதான். ஆடியில் விளம்பரம் பிடித்து, நெல் தீர்ந்துபோனால் தையில்தான் அடுத்த அறுப்பு. அந்த 23 ஏக்கருக்கு விவசாயியிடம் பேசி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் விளம்பர நிறுவனத்தோடு இப்போது பேசவே வேண்டாம்.

---

மன்னை_விளம்பரம்

இந்தத் தொழிலுக்குள் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 25,000 என்பது அதிகமான கட்டணம் இல்லை. உங்கள் அளவுக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

மெட்டாவில் 15,000 செலவழித்து 500 பேர் வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார்கள், அதில் 40 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரக் காசை மட்டும் பார்த்தால் ஒரு புது ஆளைப் பிடிக்க 375. முதல் பார்சலில் உங்களுக்கு 160 தான், நஷ்டம். அவரே மூன்றாவது பார்சல் வாங்கும்போது 480 ஆகிறது, அங்கே தப்பித்தீர்கள். கட்டணத்தையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு 1,000. அதே ஆள் ஏழு முறை வாங்க வேண்டும். ஆக, மறுபடி வாங்குகிறார்களா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. முதலில் பழைய 90 பார்சல் யாருக்குப் போனது, அதில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தார்கள் என்று நோட்டைப் பார்த்து எண்ணுங்கள். பாதிப் பேர் திரும்ப வரவில்லை என்றால் விளம்பரம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்.

பாரம்பரிய அரிசியில் திரும்ப வராததற்குப் பெரிய காரணம் சமையல். கருப்புக் கவுனியைப் பொன்னி மாதிரி கழுவி உடனே குக்கரில் வைத்தால் வேகாது, ஆளும் போச்சு. ராத்திரியே ஊற வைத்து, 8 மணி நேரமாவது ஊறி, ஒன்றுக்கு மூன்றரை அல்லது நாலு தண்ணீர் வைத்து வேக வைக்க வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டு பையோடு போக வேண்டும். பார்சல் சேர்ந்த மூன்றாம் நாள் "வெந்துச்சா, எப்படி இருந்துச்சு" என்று ஒரு குரல் பதிவு போக வேண்டும். இதைத் திருச்சியில் உட்கார்ந்திருக்கும் யாராலும் செய்ய முடியாது. பேச்சு உங்கள் வீட்டுக் குரலில்தான் இருக்க வேண்டும். படமும் அப்படித்தான். வெளியே விட்டால் எங்கேயோ வாங்கிய வெள்ளை அரிசிப் படத்துக்கு மேல் உங்கள் பெயரைப் போட்டு 12 போஸ்டர் வந்துவிடும். களத்தில் நெல் காய்வதையும் நெல் அவியும்போது ஆவி பறப்பதையும் காலை வெயிலில் கைப்பேசியில் எடுத்தால் அது எந்தப் போஸ்டரையும் அடிக்கும்.

வெளியே விட வேண்டியது இயந்திர வேலை: விளம்பரக் கணக்கு அமைப்பது, யாருக்குக் காட்டுவது, எந்த விளம்பரம் ஓடுகிறது, எதை நிறுத்துவது என்று வாரம் ஒரு தடவை பார்ப்பது, லேபிள் வடிவமைப்பு. மாதக் கட்டணம் இல்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

கூலி பேசும் முறையில் மூன்று குழி இருக்கிறது. விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்றால் செலவை ஏற்றத்தான் அவர்களுக்கு ஆசை வரும். ஆர்டருக்கு இவ்வளவு என்றால், வீட்டில் வந்து பணம் வாங்கும் முறையைத் திறக்கச் சொல்வார்கள். ஆர்டர் குவியும், கதவைத் திறக்காமல் பார்சல் திரும்பும், போக வர இரண்டு கூரியரும் உங்கள் தலையில். ஆகவே பணம் வந்து, போய்ச் சேர்ந்த பார்சலைத்தான் எண்ண வேண்டும். மூன்றாவது, மொத்த விற்பனையில் பங்கு. உங்கள் பழைய ஆட்கள் வாங்குவதையும் தங்கள் கணக்கில் எழுதுவார்கள். விளம்பரத்துக்கு ஒரு தனி எண்ணோ தள்ளுபடிக் குறியீடோ வைத்தால் இந்தச் சண்டையே வராது.

அறிக்கையில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விருப்பக்குறி என்று பக்கம் பக்கமாக வரும். நீங்கள் கேட்க வேண்டியது நாலே எண்: எத்தனை பேர் பேச்சைத் தொடங்கினார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள், ஒருவருக்கு என்ன செலவு, எத்தனை பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள். நாலையும் உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

---

லேபிள்_பார்த்து_வாங்கு

மேலே இரண்டு பேரும் காசைச் சொன்னார்கள். நான் சட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அரிசி விளம்பரத்தில் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

விளம்பர நிறுவனம் முதல் வாரமே "மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரை நோயை விரட்டும்", "பூங்கார் சாப்பிட்டால் சுகப்பிரசவம்" என்று எழுதித் தரும். அதுதான் அதிகம் பகிரப்படுகிறது. அதைப் போடவே கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 53-ஆவது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. விளம்பரத்தை வெளியிட்டவருக்கும் அதில் பங்கு உள்ளவருக்கும் சேர்த்தேதான். "அவர்கள்தான் எழுதினார்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது, பையில் இருக்கும் 14 இலக்க உரிம எண் உங்களுடையது. நோயைக் குணமாக்கும் என்ற விளம்பரத்துக்கு 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்றும் தனியாக இருக்கிறது, அதன் பட்டியலில் நீரிழிவு உண்டு.

எழுதக்கூடியது என்ன? ரகம், எந்த ஊர் நெல், எந்தப் பட்டம், பட்டை தீட்டியதா இல்லையா, புழுங்கலா பச்சரிசியா, எப்படிச் சமைப்பது. "நார்ச்சத்து உள்ளது" என்று போட 100 கிராமில் 3 கிராமாவது வேண்டும், "நார்ச்சத்து மிகுந்தது" என்றால் 6 கிராம். ஆய்வகச் சான்று கையில் இல்லாமல் எண்ணைப் போடாதீர்கள். "ஆர்கானிக்" என்ற சொல்லும் அப்படித்தான். விவசாயிகளிடம் வாங்கி விற்கிறவர் அதைப் பையில் போட என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா என்ற மத்திய அரசின் இயற்கை வேளாண்மைச் சான்று இருக்க வேண்டும். சான்று இல்லையென்றால் "ரசாயன உரம் போடாத வயல் நெல்" என்று எழுதலாம், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கடைக்காரர் எழுத்து மூலம் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. வாட்ஸ்அப்பில் "சரி" என்று நீங்கள் அனுப்பினாலே போதும், ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே அனுப்புங்கள்.

---

பூங்கார்_கடை (திருத்துறைப்பூண்டி)

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். நெல்லுக் கணக்கைப் பாத்ததும் கொஞ்சம் திக்குன்னு ஆச்சு. அந்த 23-ல கையில உறுதியா இருக்கிறது 9 ஏக்கர்தான்.

ஆனா ஒரு சிக்கல். வாட்ஸ்அப்ல பதில் சொல்ல ஆள் இல்ல. பகல்ல அவியல், அரவை, மூட்டை கட்டுறது. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஃபோனைப் பாக்குறோம். அதுக்குள்ள கேட்டவங்க வேற எடத்துல வாங்கிடுறாங்க. இன்னொண்ணு, ஃபேஸ்புக் பக்கமும் கூகுள் மேப்ல கடை பேரும் முன்ன வேலை பாத்த தம்பி தன் சொந்தக் கணக்குல தொறந்தது.

---

நாகை_சிறுதொழில்

தோழர், நான் மேலே சொன்னவர்களிடமிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். பேச்சு வீட்டுக் குரலில் இருக்க வேண்டும் என்பது சரி. பேச ஆளே இல்லாதபோது அந்தக் குரலால் என்ன பயன்? பதில் தாமதமாகும் கடைக்கு விளம்பரம் போட்டால், காசு கொடுத்து ஆளை வரவழைத்துப் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிற வேலைதான் நடக்கும். உங்களுக்கு முதலில் வேண்டியது விளம்பர நிறுவனம் இல்லை, ஒரு ஆள். ஊரிலேயே பட்டம் படித்த ஒருவரைக் காலை 10 முதல் 1, மாலை 5 முதல் 8 என்று வையுங்கள். பதில் சொல்வது, ஆர்டர் நோட்டு எழுதுவது, மூன்றாம் நாள் குரல் பதிவு, வாரம் இரண்டு படம். மாதம் 8,000 கொடுத்தால் 50 பார்சலில் அடங்கும். 250 எங்கே, 50 எங்கே.

அவருக்கு வேலை எளிதாக, வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலை விலையோடு ஏற்றுங்கள். "கவுனி எப்படி வேக வைப்பது", "கூரியர் எவ்வளவு" போன்ற பத்துக் கேள்விக்கு விரைவுப் பதில் எழுதி வையுங்கள். ஒலிபரப்புப் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். ஆகவே முதல் பார்சலிலேயே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு வையுங்கள். ஒரே சொடுக்கில் பத்தாயிரம் பேருக்கு அனுப்புகிறோம் என்று யாராவது மென்பொருள் கொண்டுவந்தால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். எண் முடக்கப்பட்டால் வாடிக்கையாளர் மொத்தமும் அதோடு போய்விடும்.

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை. அவித்த நெல் களத்தில் காயாது. ஈரம் 14%-க்கு மேல் நின்ற நெல்லை மூட்டை கட்டினால் வாடை ஏறும், அரவையில் குருணை கூடும். பட்டை தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் காறல் வாடையும் வண்டும் வேறு சீக்கிரம் வரும். புயல் எச்சரிக்கை வந்தால் கூரியர் வண்டியும் நிற்கும். ஆறு மாத ஒப்பந்தம் புரட்டாசியில் தொடங்கினால் அதில் இரண்டு மாதம் மழைக்குத்தான் கட்டணம் கட்டுவீர்கள். தை அறுப்பு முடிந்து, நெல் காய்ந்து, புது அரிசி கையில் இருக்கும் மாசியில் தொடங்குவதுதான் முறை.

---

குடந்தை_கணக்கு

நாகை நண்பர் சொன்ன 8,000 கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆள் வந்த முதல் மாதமே விளம்பரமும் போடச் சொல்லாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு மாதம் பதில் மட்டும். 90 எத்தனை ஆகிறது என்று பாருங்கள். அதன்பின் மாதம் 5,000-க்கு மெட்டா விளம்பரம், கணக்கை அமைத்துத் தர ஒருவருக்கு ஒரு தடவைக் கூலி. 9 ஏக்கர் நெல்லுக்கு அந்த அளவு சரியாக இருக்கும்: 9 × 18 = 162 மூட்டை, அதாவது 5,800 கிலோ அரிசிக்குக் கிட்ட. மாதம் 97 புதுப் பார்சல் கணக்கு. மொத்தக் கடைகளுக்குப் போவதைக் குறைத்து நேர் விற்பனைக்கு மாற்றினால்தான் அதற்கு மேல் ஏற முடியும். மொத்தக் கடை வியாபாரத்தில் கிலோவுக்கு என்ன நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நேர் விற்பனையில் கிலோவுக்கு 32 நிற்கிறது. மொத்தத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால், நெல் கூட்டாமலே லாபம் கூடும் இடம் அது.

---

மன்னை_விளம்பரம்

அந்தத் தம்பி திறந்த பக்கத்தைப் பற்றி. இதை முடிக்காமல் யாரோடும் ஒப்பந்தம் போடாதீர்கள். அவரோடு மனத்தாங்கல் இருந்தாலும் நல்லபடியாகப் பேசி வாங்குங்கள். உரிமை கையில் இல்லாமல் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கணக்கில்தான் வளரும்.

முதலில் கடை பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, மீட்பு எண்ணாக வீட்டு மூத்தவர் எண்ணைப் போடுங்கள். ஃபேஸ்புக் பக்கத்தில், பக்க அணுகல் பகுதியில் அந்தத் தம்பி உங்களை முழுக் கட்டுப்பாட்டோடு சேர்க்க வேண்டும். வெறும் பதிவிடும் உரிமை போதாது. சேர்ந்ததும் மெட்டாவில் உங்கள் பெயரில் வணிகக் கணக்கு திறந்து, பக்கத்தையும் இன்ஸ்டாகிராமையும் அதற்குள் கொண்டுவாருங்கள். விளம்பரக் கணக்கைப் புதிதாக அங்கேயே தொடங்குங்கள். பிறகுதான் அவர் பெயரை எடுக்க வேண்டும், அவசரப்பட்டு முதலிலேயே எடுத்துவிடாதீர்கள். கூகுளில் அவர் உங்களை உரிமையாளராகச் சேர்த்தாலும் 7 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதன்மை உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். அவர் ஒத்துழைக்கவில்லை என்றால் கூகுளில் உரிமை கோரும் வழி உண்டு, கடைப் பலகை தெரியும் காணொளி கேட்பார்கள், பலகையில் இருக்கும் பெயரும் மேப்பில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

பின்னால் வெளியாளை வைக்கும்போது கடவுச்சொல் கொடுக்காதீர்கள். வணிகக் கணக்கில் கூட்டாளியாகச் சேர்த்து, விளம்பரம் நிர்வகிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். கூகுளில் மேலாளர் உரிமை போதும். லேபிளின் அச்சுக்குப் போகும் மூலக் கோப்பு, எடுத்த படங்கள் எல்லாம் மாதாமாதம் உங்கள் கணினிக்கு வர வேண்டும். வாடிக்கையாளர் எண் பட்டியலை விளம்பரத்துக்கு ஏற்றக் கேட்பார்கள். உங்கள் கணக்கில் நீங்களே ஏற்றுங்கள், கோப்பாகக் கையில் கொடுக்க வேண்டாம். அதே நிறுவனம் நாளைக்கு மன்னார்குடியிலோ நீடாமங்கலத்திலோ இன்னொரு அரிசிக் கடைக்கு வேலை பார்க்கலாம், அந்தப் பட்டியல் உங்கள் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்களிடம் இருக்கும்.

---

பூங்கார்_கடை (திருத்துறைப்பூண்டி)

மொத்தத்துல கிலோவுக்கு 14 தான் நிக்குது, இன்னைக்கு நோட்டப் பாத்துட்டுச் சொல்றேன். திருச்சிக்காரங்ககிட்ட மாசி வரைக்கும் வேண்டாம்னு சொல்லியாச்சு. தம்பிகிட்டப் பேசினோம், ஞாயித்துக்கிழம வர்றான். பதில் சொல்ல ஆள் பாக்குறோம். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் யாராவது இருந்தா தனிச் செய்தி போடுங்க. கவுனியை ஒரு தடவையாவது வீட்டுல சமைச்சவங்களா இருந்தா நல்லது.